மஸ்கட்டிலிருந்து வருகிற காலிங் பெல்

கேள்வி: தக்கலைக்குப் பக்கத்தில் இருக்கிறோம். நான் ஓய்வுபெற்ற ஆசிரியை. கணவருக்கு 74 வயது, மூட்டுவலி உண்டு. வீடு விளைக்கு (தோப்புக்கு) நடுவில் இருக்கிறது. ரோட்டோரத்து கேட்டிலிருந்து வீட்டுக்கு நாற்பது மீட்டர் இருக்கும். கேட் தூணில் பெல் சுவிட்ச் இருக்கிறது. போன மாதம் நான் மட்டும் வீட்டில் இருந்தபோது இரண்டு பேர் கேஸ் அடுப்பைச் சோதிக்க வேண்டும் என்று சொல்லி அடுக்களை வரைக்கும் வந்துவிட்டார்கள். மஸ்கட்டில் இருக்கும் மகன் அதைக் கேட்டதிலிருந்து பயந்துபோய், வயரில் இணைக்கிற வீடியோ டோர்பெல் ஒன்றை வாங்கி வைத்திருக்கிறான். அடுத்த மாதம் லீவில் வரும்போது கொண்டுவருவான். பழைய சுவிட்சைக் கழற்றிவிட்டு அதே வயரில் மாட்டிவிடலாம், அரை மணி நேர வேலைதான் என்கிறார் எங்கள் எலெக்ட்ரீசியன். மாட்டலாமா? இது ஒன்று இருந்தால் போதுமா?

பதில்: டீச்சர், வணக்கம். அந்த அரை மணி நேர வேலையை முதலில் நிறுத்திவைக்கச் சொல்லுங்கள். அந்த வயரில் அப்படியே மாட்டினால் மெயினைப் போட்ட நொடியே மகன் வாங்கிய பெல் கருகிவிடும். எலெக்ட்ரீசியனைக் குறை சொல்லவில்லை. நம் ஊரில் காலிங் பெல் என்றாலே 230 வோல்ட்தான், அவர் கை பழகியது அதில்.

நம் வீட்டு பெல் ஒரு பல்பு மாதிரிதான் வேலை செய்கிறது. போர்டிலிருந்து ஃபேஸ் வயர் கேட் தூணுக்குப் போய், சுவிட்ச் வழியாகத் திரும்பி வந்து, ஹாலில் இருக்கிற பெல்லில் சேருகிறது. நியூட்ரல் நேராகப் பெல்லுக்கே போய்விடும், கேட்டுக்கு வருவதே இல்லை. ஆகவே தூணில் இருக்கிற இரண்டு வயரும் ஒரே ஃபேஸின் இரண்டு துண்டுகள். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் வேறு மாதிரி. அங்கே பெல்லுக்கென்று ஒரு சின்ன டிரான்ஸ்பார்மர் இருக்கும். அது கரண்டை 8 முதல் 24 வோல்ட் வரைக்கும் இறக்கித்தான் வாசலுக்கு அனுப்பும். ‘வயர்டு டோர்பெல்’ என்று அட்டைப்பெட்டியில் போட்டிருப்பது பெரும்பாலும் அந்த வயரைத்தான் சொல்கிறது, நம் வயரை அல்ல. பெல்லின் முதுகில் பொடி எழுத்தில் ‘16–24 வோல்ட் ஏசி’ என்றோ ‘10–24 வோல்ட் ஏசி’ என்றோ இருக்கும். மகனிடம் அதை ஒரு போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். இனிச் செய்கிற எல்லாவற்றுக்கும் அந்த ஒரு வரிதான் அடிப்படை.

கருங்கல் பக்கம் ஒரு வீட்டுக்கு என்னைக் கூப்பிட்டபோது வேலை ஏற்கெனவே முடிந்திருந்தது. கல்யாணத்துக்கு முந்தின நாள், வெள்ளை அடித்த தூணில் கரிப்புகை ஏறி நின்றது. குவைத்திலிருந்து வந்த பெல், பெட்டியைப் பிரித்து முழுசாக ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. வெளிநாட்டில் வாங்கியது என்பதால் வாரண்டியும் இல்லை. நல்லவேளை, மாட்டியவர் கையை எடுத்த பிறகுதான் மெயினைப் போட்டிருக்கிறார்கள்.

சரி, டிரான்ஸ்பார்மர் வைத்து மாட்ட முடியாதா என்றால், முடியும். பழைய இரண்டு வயரையும் இரண்டு முனையிலும் 230-லிருந்து முழுசாகப் பிரித்துவிட்டு, வீட்டுப் பக்கம் ஒரு டிரான்ஸ்பார்மர் வைத்து, அதன் குறைந்த வோல்ட்டை அந்த வயரில் விடலாம். இதில் கடைக்காரர்கள் வழக்கமாகச் செய்கிற தப்பு ஒன்று உண்டு. பெல்லில் 24 வரை என்று போட்டிருக்கிறதே என்று 24 வோல்ட் டிரான்ஸ்பார்மரையே எடுத்துக் கொடுப்பார்கள். லோடு குறைவாக இருக்கும்போது சாதாரண டிரான்ஸ்பார்மர் தன்மேல் எழுதியதைவிடக் கூடுதலாகவே கொடுக்கும். ராத்திரியில் நம் லைனும் சில இடங்களில் 250-ஐத் தொடும். இரண்டும் சேர்ந்தால் 24 என்பது 28 ஆகிவிடும். அதனால் 18 வோல்ட் வாங்குங்கள். எத்தனை விஏ (டிரான்ஸ்பார்மர் தாங்குகிற லோடின் அளவு) வேண்டும் என்பது பெல்லின் கையேட்டில் இருக்கும். டிரான்ஸ்பார்மரில் நேராகக் கொடுக்காமல் நடுவில் ஒரு ரெசிஸ்டர் போட வேண்டும் என்று சில மாடல்கள் கேட்கும், அதுவும் கையேட்டில் இருக்கும்.

பழைய வயரைத் தொடுவதற்கு முன் இன்னொன்றைப் பார்த்துவிடுங்கள். கேட்டில் லைட் இருக்கிறதா? இருந்தால் அந்த லைட்டின் 230 வோல்ட் வயரும் பெல் வயரும் மண்ணுக்குள் ஒரே பைப்பில்தான் போயிருக்கும், நம் பக்கம் பத்தில் எட்டு வீட்டில் அப்படித்தான் பார்க்கிறேன். இருபது வருஷத்து வயரின் தோல் எங்காவது வெடித்து, இரண்டும் உரசினால், 18 வோல்ட் என்று நம்பித் தொடுகிற இடத்தில் 230 வந்து நிற்கும். கேட்டில் பெல்லை அழுத்துகிறவர் பெரும்பாலும் ஈரக்காலோடு மழையில் நிற்கிற ஆள். லைட்டுக்கும் பெல்லுக்கும் தனித்தனி பைப் வேண்டும் என்பதில் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

இவ்வளவும் செய்து மாட்டினாலும் உங்கள் கேட்டில் அது வேலை செய்யுமா என்பது வேறு கேள்வி. ‘வயர்டு’ என்ற சொல் இங்கேயும் ஒரு தடவை ஏமாற்றும். அந்த வயர் கரண்டுக்கு மட்டும்தான். படமும் பேச்சும் வைஃபை வழியாகத்தான் வீட்டுக்கு வர வேண்டும். ரூட்டர் ஹாலில் டிவிக்குப் பின்னால் இருக்கும். நடுவில் இரண்டு சுவர், முற்றம், தென்னை, பலா, அப்புறம் நாற்பது மீட்டர். சோதித்துப் பார்க்கக் காசு ஆகாது. உங்கள் போனில் மொபைல் டேட்டாவை அணைத்துவிட்டு, வீட்டு வைஃபையில் மகனை வீடியோவில் கூப்பிடுங்கள். பேசிக்கொண்டே கேட் வரைக்கும் நடந்து, தூணோடு ஒட்டி ஐந்து நிமிஷம் நில்லுங்கள். படம் எங்கே உறைகிறதோ அங்கேயே அந்த பெல்லின் எல்லையும் முடிகிறது. மழை பெய்யும்போது இன்னொரு தடவை பாருங்கள். இலையெல்லாம் நனைந்திருந்தால் சிக்னல் இன்னும் கொஞ்சம் இறங்கும். பாதி வழியில் ஒரு ரிப்பீட்டர் வைத்துக்கொள்ளலாம் என்று யாராவது சொன்னால், அந்த ரிப்பீட்டருக்குத் தென்னைமரத்தில் எப்படிக் கரண்ட் கொடுப்பது என்று கேளுங்கள்.

இனி, நீங்கள் கேட்காத ஒரு கேள்வி. இந்த பெல் யாருக்காக அடிக்கப் போகிறது? மகன் வாங்கியது மகனுடைய போனில் அடிக்கிற பெல். மஸ்கட் நேரம் நமக்கு ஒன்றரை மணி நேரம் பின்னால். காலை எட்டரைக்குப் பால்காரர் அழுத்தினால் மகனுக்கு ஏழு மணி, குளித்துக்கொண்டிருப்பார். மத்தியானம் மீட்டிங்கில் இருப்பார். அவர் எடுத்துப் பார்த்து, உங்களுக்குப் போன் போட்டு, நீங்கள் கண்ணாடியைத் தேடி எடுப்பதற்குள் கேட்டில் நிற்கிறவர் அடுக்களை வரைக்கும் வந்துவிடலாம். உங்கள் போனிலும் ஆப் இருக்கும்தான். ஆனால் உங்கள் வயதுக்காரர்கள் வீட்டில் நான் பார்த்த வரைக்கும் போன் மேஜையில் சார்ஜில் கிடக்கும், ஆள் அடுக்களையில் இருப்பார். வீட்டில் இருக்கிற இரண்டு பேருக்கு, எழுந்து இரண்டு எட்டு வைத்தால் முகம் தெரிய வேண்டும், ஒரு பட்டனை அழுத்தினால் பேச முடிய வேண்டும். அதற்குப் பிறகு மகனும் பார்த்துக்கொள்ளட்டும்.

அதனால் உங்கள் வீட்டுக்கு நான் சொல்வது வீடியோ டோர்போன். கேட் தூணில் கேமராவும் பட்டனும் ஸ்பீக்கரும் உள்ள ஒரு பெட்டி, ஹாலில் சுவரில் ஏழு இஞ்ச் திரை. அழுத்தினதும் திரை தானாக எரிந்து ஆளைக் காட்டும். அதற்கு இன்டர்நெட் வேண்டாம், ஆப் வேண்டாம், சந்தாவும் வேண்டாம். மகனுக்காக வைஃபை உள்ள திரையாக வாங்கினால், ஹாலில் ரூட்டர் பக்கத்திலேயே அது இருப்பதால் சிக்னல் பிரச்சினை வராது, அவர் போனிலும் அடிக்கும்.

இதில் இரண்டு ஜாதி உண்டு. மலிவானது நாலு வயர் ஜாதி. கரண்ட், கிரவுண்ட், படம், சத்தம் என்று நான்கு வயரும் திரையிலிருந்தே கேட்டுக்குப் போகும். வீட்டு நடையிலேயே பெல் இருந்தால் இதைவிட நல்லது வேண்டாம். நாற்பது மீட்டருக்கு மட்டும் கவனம் வேண்டும். இந்தப் பாடத்தை நான் என் கைக்காசில் படித்தேன். திங்கள்சந்தைக்குப் பக்கத்தில் ஒரு வீடு, கிட்டத்தட்ட உங்கள் தூரம்தான். பகலில் படம் கண்ணாடி மாதிரி இருந்தது. சாயங்காலம் ஆறரை ஆனதும் அணைந்தது, வந்தது, மறுபடி அணைந்தது. வெளிப்பெட்டி கெட்டுவிட்டது என்று இரண்டு தடவை மாற்றினேன். மூன்றாவது தடவை, இருட்டின பிறகு போய் மீட்டர் வைத்துப் பார்த்தேன். வீட்டில் 12 வோல்ட், கேட்டில் எட்டரைக்குப் பக்கம். இருட்டினதும் கேமராவின் இரவு எல்இடிகள் எரியத் தொடங்கும். கரண்ட் கூடுதலாக இழுக்கும், மெல்லிய வயரில் வோல்ட் இறங்கும், கேமரா செத்து மறுபடி எழும். நான் போட்டிருந்தது நெட்வொர்க் கேபிளின் ஒரு ஜோடி. 24 கேஜ் செம்புக் கம்பிக்கு ஆயிரம் மீட்டருக்கு 84 ஓம் இருக்கும். போக நாற்பது, வர நாற்பது, எண்பது மீட்டருக்கு ஆறே முக்கால் ஓம். அரை ஆம்பியர் ஓடினால் சுமார் 3.4 வோல்ட் வயரிலேயே போய்விடும். அதே இடத்தில் 0.75 சதுர மில்லிமீட்டர் செம்பு வயர் போட்டால் இழப்பு ஒரு வோல்ட் அளவுதான். வயரை மாற்றினேன், பெட்டி பிழைத்தது. முதலில் மாற்றின இரண்டு பெட்டிகளும் நல்ல பெட்டிகள்தான் என்பது அப்போதுதான் தெரிந்தது.

இரண்டாவது ஜாதி பி.ஓ.இ. ஒரே நெட்வொர்க் கேபிளில் கரண்டும் படமும் சேர்ந்து போகும். கடையில் ‘கேட் சிக்ஸ்’ கேபிள் என்று கேட்க வேண்டும் (வாசல் கேட்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை, பலர் குழம்பியிருக்கிறார்கள்). 100 மீட்டர் வரைக்கும் போகும். 48 வோல்ட் அளவில் அனுப்புவதால் கரண்ட் கொஞ்சமாகத்தான் ஓடும், உங்கள் தூரத்தில் வயரில் அரை வோல்ட்கூட இழக்காது. விலை நாலு வயர் ஜாதியைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு வரலாம். நாற்பது மீட்டருக்கு என் வோட்டு இதற்குத்தான். காசு இடித்தால் நாலு வயர் ஜாதியே போதும், ஆனால் கையேட்டில் உங்கள் தூரத்துக்கு என்ன தடிமன் வயர் போட்டிருக்கிறது என்று பார்த்து அதையே போடுங்கள். எதை எடுத்தாலும் கேபிளை வாங்கினதும் ஒரு கம்பியைப் பிளேடால் சுரண்டிப் பாருங்கள். உள்ளே வெள்ளை தெரிந்தால் அது செம்பு பூசிய அலுமினியம். திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.

கேமராவைப் பற்றிக் கடையில் முதலில் சொல்லப்படுவது மெகாபிக்சல். அதைவிட முக்கியம் அந்தப் பிக்சல் எவ்வளவு அகலத்துக்குப் பரவுகிறது என்பது. தெரியாத ஒருவரை முகம் பார்த்து அடையாளம் சொல்ல மீட்டருக்கு 250 பிக்சல் வேண்டும் என்பது கண்காணிப்புக் கேமராக்களின் சர்வதேச அளவுகோல். ஏற்கெனவே தெரிந்த ஆள் என்றால் 125 போதும். 1920 பிக்சல் அகலமும் 160 டிகிரிக் கோணமும் உள்ள சாதாரணப் பெல்லில் கணக்குப் போட்டால், மூன்று மீட்டருக்குள் நிற்கிறவரைத்தான் அடையாளம் சொல்ல முடியும். ஐந்தரை மீட்டர் வரைக்கும் பக்கத்து வீட்டுப் பையன் என்று நீங்கள் கண்டுகொள்ளலாம். எதிர் ஓரத்தில் நிற்கிற பைக்கின் நம்பர் வேண்டும் என்று மகன் நினைத்தால், அதற்கு இது ஆகாது. கோணம் கூடக்கூட நல்லது என்று விளம்பரங்கள் சொல்கின்றன. எனக்கு அதில் உடன்பாடு இல்லை. கேட்டில் நிற்கிற ஆளின் தலையும் காலும் தெரிகிற மாதிரி, படம் உயரவாக்கில் கூடுதலாக இருந்தால் போதும். கீழே வைத்துவிட்டுப் போகிற கூரியர் பார்சலும் அதில் தெரியும். பெட்டியை நாலடி உயரத்தில் வையுங்கள். நிறையப் பேர் அதற்குமேல் ஏற்றிவிடுகிறார்கள், அப்போது தொப்பியும் வழுக்கையும்தான் தெரியும்.

வெளிச்சத்தைப் பற்றி ஒரு வார்த்தை. உங்கள் கேட் எந்தத் திசை என்று எழுதவில்லை. மேற்குப் பார்த்த கேட் என்றால் சாயங்கால வெயில் முழுக்க லென்ஸில் விழும், எதிரில் நிற்கிறவர் கறுப்பு நிழலாகத் தெரிவார். பின்னால் வெயில் அடித்தாலும் முகத்தைத் தெளிவாகக் காட்டுகிற ‘டபிள்யூ.டி.ஆர்.’ அல்லது ‘எச்.டி.ஆர்.’ வசதி உள்ளதை எடுங்கள். பொருத்துகிறவரிடம் காலையில் வந்து மாட்டிவிட்டுப் போகாமல், நாலு மணிக்குப் பிறகு ஒரு தடவையும் இருட்டின பிறகு ஒரு தடவையும் படத்தைக் காட்டச் சொல்லுங்கள். அதைப் பார்த்த பிறகு மீதிப் பணத்தைக் கொடுத்தால் போதும்.

பதிவு எங்கே சேமிக்கப்படுகிறது என்றும் கேளுங்கள். சில பெல்களில் மெமரி கார்டு வெளிப்பெட்டிக்குள்ளேயே இருக்கும். திருடன் பெட்டியைப் பிடுங்கினால் அவனுடைய படமும் அவன் பையிலேயே போய்விடும். சுவரில் இருக்கிற திரைக்குள் கார்டு போடுகிற மாடலை வாங்குங்கள். 2 எம்பிபிஎஸ் அளவில் நாள் முழுக்கப் பதிவு செய்தால் ஒரு நாளைக்கு 21 ஜிபிக்கு மேல் ஆகும், 128 ஜிபி கார்டு ஆறு நாள்கூடத் தாங்காது. ஆள் வந்தால் மட்டும் பதியட்டும். அதிலும் ஆளை மட்டும் அடையாளம் காண்கிற வசதி இருக்க வேண்டும். இல்லையென்றால் தென்னோலை அசைந்தாலும் நாய் குறுக்கே போனாலும் மகன் போன் அடிக்கும். ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவரே அறிவிப்பை அணைத்துவிடுவார்.

நம் கன்னியாகுமரி மாவட்டத்துக்கு வருவோம். கடையில் காட்டுகிற படங்களில் வெயில் மட்டும்தான் அடிக்கும். நமக்கு ஜூனில் தென்மேற்கு, அக்டோபரில் வடகிழக்கு, இரண்டு மழையும் உண்டு. வெளிப்பெட்டி ஐபி65 ஆவது இருக்கட்டும். தூசி புகாது, குழாய்த் தண்ணீர் பீய்ச்சினாலும் தாங்கும். ஆனால் பெட்டிக்குள் தண்ணீர் முன்பக்கமாக வந்து நான் பார்த்தது குறைவு. பின்னாலிருந்து, பைப் வழியாகத்தான் வரும். வயர் தூணுக்குள் நுழையும் முன் கீழே ஒரு வளைவு விட்டு மேலே ஏறினால் தண்ணீர் அந்த வளைவிலேயே சொட்டிவிடும். பைப் வாயைப் புட்டி வைத்து அடையுங்கள், எறும்புக்காகவும்தான். கேட் பெல்லைத் திறந்தால் கறுப்பாகக் கூடு கட்டியிருப்பதை மாதத்துக்கு ஒரு வீட்டிலாவது பார்க்கிறேன். தக்கலையில் உப்புக்காற்று அவ்வளவு இல்லை. குளச்சலிலும் முட்டத்திலும் இருக்கிறவர்கள் இதைப் படித்தால், திருகாணிகளை 316 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் வாங்குங்கள், முனைகளில் சிலிகான் கிரீஸ் தடவுங்கள். பெட்டியோடு வருகிற திருகாணி ஒரு மழைக்காலம் தாண்டாது.

இடிதான் பெரிய எதிரி. ஏப்ரல், மே கோடை மழையிலும் ஐப்பசியிலும் விழுகிற இடிக்கு, தென்னைகளுக்கு நடுவே மண்ணில் நாற்பது மீட்டர் ஓடுகிற கேபிள் நல்ல வழி. இடி மரத்தில் விழுந்தாலும் கேபிளில் ஏறி, திரை, ரூட்டர், டிவி என்று வரிசையாக எடுத்துவிடும். கேபிள் வீட்டுக்குள் நுழைகிற இடத்தில் திடீரென்று ஏறுகிற வோல்ட்டை எர்த்துக்குத் திருப்பிவிடுகிற சர்ஜ் புரொடெக்டர் வைத்து அதை வீட்டு எர்த்தில் சேருங்கள். எர்த் சரியில்லாத வீட்டில் அது வெறும் அலங்காரம், அதனால் எர்த்தை முதலில் பரிசோதிக்கச் சொல்லுங்கள். பி.ஓ.இ. என்றால் அதற்கென்று தனி சர்ஜ் புரொடெக்டர் இருக்கிறது, சாதாரண கேபிளுக்கானதைப் போடக்கூடாது.

கரண்ட் போனால்? திரை, வெளிப்பெட்டி, ரூட்டர் மூன்றும் சேர்ந்து இருபது வாட்டுக்குப் பக்கம்தான் இழுக்கும். வீட்டு இன்வெர்ட்டரில் மூன்றையும் சேர்த்தால் ராத்திரி முழுக்கத் தாங்கும். திரையை மட்டும் சேர்த்துவிட்டு ரூட்டரை மறந்துவிடுகிற வீடுகள் நிறைய, அப்புறம் மஸ்கட்டிலிருந்து ‘பெல் ஆஃப்லைன்’ என்று போன் வரும். 2017 நவம்பர் 30-இல் ஒக்கி புயல் வந்தபோது நம் மாவட்டத்தில் பல ஊர்களில் நாள் கணக்கில் கரண்ட் இல்லை, போன் டவரும் இல்லை. அந்த மாதிரி நாளுக்கு எந்த ஆப்பும் உதவாது. கேட்டில் ஒரு பித்தளை மணி தொங்கட்டும். என் வீட்டில் தொங்குகிறது.

ஆப் கணக்கைத் தொடங்கும்போது கவனம். பொருத்த வருகிற பையன்கள் வேலை சீக்கிரம் முடியட்டும் என்று தங்கள் மொபைல் நம்பரிலேயே கணக்கைத் தொடங்கிவிடுவார்கள். உங்கள் கேட்டை அவர்கள் போனில் பார்க்கலாம், நீங்கள் கணக்கை மாற்ற வேண்டுமென்றாலும் அவர்களைத்தான் கூப்பிட வேண்டும். கணக்கு மகன் பெயரில் இருக்கட்டும், உங்களுக்கு அவர் பகிரட்டும், ஓடிபி வைக்கிற இரட்டைப் பூட்டையும் போடச் சொல்லுங்கள். எதிர் வீட்டு நடை படத்தில் விழுந்தால், அந்தப் பகுதியை மட்டும் மறைக்கிற வசதி அமைப்புகளில் இருக்கும். மாட்டுவதற்கு முன்னாலேயே எதிர் வீட்டில் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள். மதில் தகராறுகளில் பாதி, சொல்லாமல் செய்ததால் வந்தவை.

மூட்டுவலிக்காரருக்கு உதவியாக, திரையிலேயே பட்டனை அழுத்தி கேட்டைத் திறக்கிற எலெக்ட்ரிக் லாக் வைக்கலாமா என்று கடையில் கேட்பார்கள். இப்போது வேண்டாம். ஆறு மாதம் பேசிப் பார்த்து அனுப்பிப் பழகுங்கள். நடக்கிற நடையில் பாதி அங்கேயே மிச்சமாகும். திறக்கிற பட்டன் கைக்கு எட்டினால், முகம் பார்ப்பதற்கு முன்னால் விரல் அதற்குத்தான் போகும்.

அந்த கேஸ்காரர்களுக்கு வருகிறேன். டோர்போன் இருந்திருந்தாலும் நீங்கள் திரையில் பார்த்து, சட்டை சுத்தமாக இருக்கிறதே என்று கேட்டைத் திறந்திருக்கலாம். நாற்பது வருஷம் வகுப்பில் யார் வந்து நின்றாலும் உள்ளே வா என்றே சொல்லிப் பழகிய வாய். இனி ஒரு வாக்கியம் மட்டும் பழகுங்கள்: “அங்கேயே நில்லுங்க, ஏஜென்சிக்கு போன் போட்டுக் கேட்டுட்டு சொல்றேன்.” ஏஜென்சி நம்பரைப் பெரிய எழுத்தில் திரைக்குக் கீழே ஒட்டிவையுங்கள். அதற்குக் கீழே 112. உண்மையான ஊழியர் நிற்பார், அடையாள அட்டையைக் கேமராவில் காட்டுவார். மற்றவர் கிளம்பிவிடுவார், அவர் முகம் கார்டில் இருக்கும். ஏதாவது நடந்துவிட்டால் பதிவைத் திரையிலிருந்து போனில் படமெடுத்து வாட்ஸாப்பில் அனுப்புவதோடு நிற்காதீர்கள். கார்டை அப்படியே எடுத்துப் பத்திரமாக வைத்துவிட்டு ஸ்டேஷனுக்குப் போங்கள். 2024 ஜூலை முதல் நடைமுறையில் இருக்கிற பாரதிய சாட்சிய சட்டம் 63-வது பிரிவின்படி மின்னணுப் பதிவைச் சான்றிதழோடுதான் கொடுக்க வேண்டும், மூலப் பதிவு கையில் இருந்தால் அந்த வேலை சுலபம்.

மகன் வாங்கிய பெல்லைத் திருப்பிக் கொடுக்க முடிந்தால் அங்கேயே கொடுத்துவிடட்டும். முடியாது என்றால் கொண்டுவரட்டும், வீணாகாது. அந்தக் கம்பெனியின் ஆப்பும் சந்தாவும் இந்தியாவில் நடக்குமா என்று மட்டும் முதலில் கேட்டுக்கொள்ளட்டும். நடக்கும் என்றால் அதை வீட்டு முன்நடையில் வைக்கலாம். ரூட்டர் பத்தடியில் இருக்கும், ஹாலிலேயே 18 வோல்ட் டிரான்ஸ்பார்மர் வைக்க இடம் இருக்கும், மழை நேரடியாக விழாது. பையன் ஆசையாக வாங்கியது, மஸ்கட்டிலிருந்தே அம்மா முற்றத்தில் நிற்பதைப் பார்த்துக்கொள்ளட்டும்.

‘இது ஒன்று இருந்தால் போதுமா’ என்று கேட்டிருந்தீர்கள். கேட்டில் கேமராவும் திரையும் வந்த பிறகும், உங்கள் வீட்டில் நான் முதலில் போய்ப் பார்க்கிற இடம் அடுக்களைப் பக்கத்துக் கதவுதான். விளைக்கு நடுவில் இருக்கிற வீடுகளில் தேங்காய் வெட்ட வருகிறவர், மீன்காரி, பக்கத்து வீட்டுக்காரி என்று எல்லோரும் பின்பக்கமாகவே வருவார்கள், அந்தக் கதவு காலையிலிருந்து சாத்தியே இருக்காது. அங்கே மரச்சட்டத்தில் பழைய தாழ்ப்பாள் ஒன்றுதான் இருக்கும், ஒரு தள்ளுக்குத் தாங்காது. டோர்போனுக்கு வயர் இழுக்க ஆள் வருகிற அன்றைக்கே ஒரு ஆசாரியையும் வரச் சொல்லி, உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் இரண்டும், மேல்படியில் ஒரு எல்இடி லைட்டும் போட்டுவிடுங்கள். நாற்பது மீட்டருக்குப் பள்ளம் தோண்டுகிற கூலியில் கால்வாசிகூட ஆகாது.